வரைபடத்தில் இல்லாத கேற்றுகள்

என் கணவர் என்னை விட்டுப் போய்விட்டாரா இல்லையா என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் எங்கள் சனத்துக்குத் தெரிந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு அருகே சிறியதொரு தையல் கடை வைத்திருக்கிறேன். காற்சட்டைக்கு நீளம் குறைப்பது, சேலைக்குச் சட்டை தைப்பது, பழுதான ஜிப் மாற்றுவது, இதுதான் தொழில். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது செய்வதற்கு வேறு வேலை இல்லாதபடியால் கேள்வி கேட்பார்கள். அவர் இன்னும் வரவில்லையோ, லீவில்கூட வரமாட்டாரோ, அங்கே அப்படி என்ன வேலை என்பார்கள். நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ம்ம் என்பேன். வாயில் குண்டூசி இருந்தால் யாரும் பதிலை வற்புறுத்த மாட்டார்கள்.

அவர் மன்னாரில் படகு இயந்திரம் திருத்தியவர். இங்கே வந்த பிறகு தண்ணீர்ப் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அது ஒரு நாள் மூடப்பட்டது. வேலை போனது அவருக்குப் பெரிய இடி இல்லை. வேலை போனதைப் பற்றி மற்றவர்கள் கதைத்ததுதான் இடி. பிறந்தநாள் மண்டபத்தில் சோற்றுத் தட்டோடு நிற்கும் மனிதனிடம் ஒவ்வொருவராக வந்து "இப்ப எங்க வேலை?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேறு கேள்வி தெரியாது, அவ்வளவுதான். முதலில் இவர் சாப்பிடாமல் திரும்பினார். பிறகு மண்டபத்துக்கு வெளியே காரிலேயே இருந்தார். பிறகு வருவதையே விட்டுவிட்டார். வீட்டில்கூடக் கராஜில்தான் இருப்பார், குசினிக்குச் சாப்பிட மட்டும் வருவார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். மாடுகள் குடிப்பதற்காக நிலத்தடித் தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாய்க் கிணறுகள் பண்ணை முழுவதும் இருக்குமாம். ஒவ்வொன்றாகப் போய்க் தண்ணீரை இறைக்கும் காற்றாடி சுற்றுகிறதா, தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒன்று பழுதானால் அதை நம்பியிருக்கும் மாடுகள் சில நாட்களில் செத்துப்போகுமாம். நான் சிரித்தேன். "உங்களுக்கு விசரோ?" என்றேன். அவர் இரண்டு சேர்ட்டுகளைக் கொண்டுவந்து, பொத்தான் தைத்துத் தரச் சொன்னார். அப்போதுதான் இது பகிடி இல்லை என்று விளங்கியது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முப்பது வருடம் என்னோடு இருந்த மனிதர் மாட்டோடு இருக்கப் போகிறாரே என்று பொருமினேன். அவர் புறப்படும்போது நான் தையல் மெஷினில் இருந்தேன். கதவடியில் நின்று, "அப்ப நான் வெளிக்கிடுறன்" என்றார். போங்கோ என்றும் சொல்லவில்லை, போகாதேங்கோ என்றும் சொல்லவில்லை. மெஷினை மட்டும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பின்னேரம் ஒரு போன் வரும். பண்ணை வீட்டில் மட்டும்தான் இணையம், அதில்தான் கதைக்கலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பத்து நிமிடம்கூட இருக்காது. சாப்பிட்டீரோ, ஓம், நீங்கள், ஓம், பிள்ளை கதைச்சவளோ, ஓம். மிச்ச நேரத்துக்கு அந்தக் கிழமை முழுக்கப் பார்த்த கிணறுகளின் பெயர்களைச் சொல்லுவார். எனக்கு அவற்றில் ஒன்றுமே பிடிபடவில்லை. அடுப்பில் கறி அடிப்பிடிக்குது, வையுங்கோ என்பேன். அவரும் சரி என்று வைத்துவிடுவார்.

சிட்னியில் இருக்கும் மகளிடம் முறையிட்டேன். "அம்மா, ஜஸ்ட் லுக் இட் அப்" என்றாள். போனில் தேடினேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தவிட்டு நிறம். விரலால் பெருப்பித்துப் பார்த்தால் பெரிய தவிட்டு நிறம். மனிதர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நகரத்தில் வரைபடம் விற்கும் கடை ஒன்றைத் தேடிப் போய், பண்ணையின் பெயரைச் சொல்லி, நில அளவைத் தாள் ஒன்றை வாங்கி வந்தேன்.

துணி வெட்டும் மேசையில் அதை விரித்து நாலு மூலைக்கும் பாரம் வைத்தேன். பார்த்தவுடன் எனக்குப் பெரிய ஆறுதல். பண்ணையின் நடுப்பகுதியில் மெல்லிய மண்ணிறக் கோடுகள் நெருக்கமாக வளைந்து வளைந்து போயின. இவ்வளவு ஒற்றையடிப் பாதைகள் இருந்தால் அங்கே ஆட்கள் நடமாட்டம் இருக்கிறது, நான்தான் தேவையில்லாமல் பயந்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு கிழமை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு தாளின் ஓரத்தில் இருந்த விளக்கக் குறிப்பைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அவை பாதைகள் இல்லை. சமவுயரக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்தான். ஆனால் மன்னாரில் பிறந்தவளுக்கு மேடு என்றால் கோவில் கோபுரத்தின் படிக்கட்டுத்தான். எங்கள் தீவில் அந்தக் கோடு ஒன்றுகூட விழாது. ஆட்கள் என்று நான் நினைத்த இடமெல்லாம் வெறும் கல்மலை.

அதற்குப் பிறகு ஒழுங்காகப் படித்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து, தேத்தண்ணியோடு மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். நீலக் கோடு முறிந்து முறிந்து இருந்தால் அது தண்ணீர் ஓடும் ஆறில்லை, மழை வந்தால் மட்டும் ஓடும் மணல். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. சின்னக் காற்றாடிக் குறி இருந்தால் கிணறு. பக்கத்தில் 'கைவிடப்பட்டது' என்று இருந்தால் அங்கே ஒருவரும் போவதில்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் சொற்கள் என்று பார்த்தவுடனே தெரியும் பெயர்கள் தண்ணீர் இருக்கும் இடங்களில் மட்டும் தப்பிக் கிடந்தன. மற்ற இடங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரரின் பெயர், அல்லது வெறும் இலக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு கிணற்றின் பெயரைச் சொன்னால், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துவேன். அவருக்கு இது தெரியாது. வைத்த பிறகு ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இரைகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அந்தத் தாளைப் போலவே எங்கள் வீடும் வெறுமையாகத்தான் இருந்தது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கத்தைவிட இரண்டு வசனம் கூடுதலாகக் கதைத்தார். பின்னேரங்களில் தான் வாசலில் இருப்பதாகவும், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது நிழல் முதலில் தன் கதவுக்கு வந்து, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் என்றும், அந்த நேரம் கங்காருகள் குடிக்க வரும் என்றும் சொன்னார். நல்ல காட்சி என்றேன். போனை வைத்துவிட்டுப் பண்ணை வீட்டைத் தாளில் பார்த்தேன். அதன் மலை கிழக்கில் இருந்தது. மேற்கே ஒரு கோடுகூட இல்லை, வெட்டவெளி. அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் இருந்து எழும்பலாம், மலைக்குப் பின்னால் இறங்க முடியாது.

அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி நெடுநேரம் தாளில் தேடினேன். மேற்கே மலையும் கிழக்கே தொட்டியும் இருக்கிற இடம் அந்தப் பண்ணையில் ஒன்றுதான் இருந்தது. பண்ணையின் மறுகோடியில், பாதை முடிகிற இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் 'குடில்' என்று எழுதியிருந்தது. அவ்வளவு காலமும் பண்ணை வீட்டில் நாலு பேரோடு இருக்கிறார் என்று நான் நம்பியிருந்தேன். போன் இருக்கும் வீட்டை விட்டு, போன் இல்லாத குடிலை அவர் தானாகத் தெரிந்தெடுத்திருக்கிறார். என்னோடு கதைக்க முடியாத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறார். சனம் சொன்னது சரி என்று நினைத்தேன்.

நான் கேட்கவில்லை. மகள், "ஜஸ்ட் ஆஸ்க் ஹிம், அம்மா" என்றாள். கேட்டால் அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஞாயிறு ஞாயிறாக அவர் போன் எடுத்தார், நான் இன்னும் சுருக்கமாகக் கதைத்தேன். பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது ஒரு பெண், தனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் நல்லவர் என்று என் காதுக்குள் சொன்னார். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். எதுவாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவது.

பள்ளி விடுமுறையில் கடைக்கு வேலை குறைவு. மீன் குழம்பு, இறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல், இடியப்பம், சம்பல், கேக் என்று காரின் பின்பக்கம் நிறையக் கட்டினேன். அவரோடு சண்டை பிடிக்கத்தான் போகிறேன், ஆனாலும் வெறுங்கையோடு எப்படிப் போவது? தண்ணீர் இரண்டு போத்தல் எடுத்தேன். டண்டினொங்கில் இருக்கும் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

வழியில் ஒரு மோட்டலில் தங்கி, அடுத்த நாள் பின்னேரம் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசிப் பகுதி முழுக்கச் செம்மண் பாதை. மடியில் இருந்த தாளும் வெளியே இருந்த நிலமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுவதுபோல் பொருந்தி வந்தன. இப்போது இடப்பக்கம் உடைந்த நீலக் கோடு வர வேண்டும் என்று நினைத்தால் அங்கே காய்ந்த மணலும் இரண்டு வரிசை மரங்களும் வந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியில் மனைவிதான் வாசலுக்கு வந்தார். வெள்ளைக்காரப் பெண், என் வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் ஆச்சரியப்பட்டார். உங்கள் கணவர் குடிலில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் கதைக்க இங்கே வருவார், ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை என்றார். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. அன்றிரவு என்னைத் தன் வீட்டில் தங்க வைத்தார். காலையில் வழிகாட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார். என்னிடம் வரைபடம் இருக்கிறது என்றேன். என் காரின் டயர்களைப் பார்த்தார், என் இரண்டு போத்தல்களைப் பார்த்தார். பிறகு பின்னால் திறந்த பெட்டி உள்ள பண்ணை வண்டி, யூட் ஒன்றின் திறப்பைக் கையில் தந்து, பின்னால் ஒரு பெரிய தண்ணீர்க் கான் ஏற்றிவிட்டார். வழியில் வரும் வேலிக் கேற்றுகளைக் கண்டது போலவே விட வேண்டும், சாத்தியிருந்தால் சாத்த வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

தாளில் பாதை ஒரு கோடு, வேலிகள் அதைக் குறுக்கே வெட்டும் மெல்லிய கோடுகள். ஒரு வேலியும் பாதையும் சந்தித்தால் அங்கே கேற் இருக்கும் என்று தாள் சொல்லாது. முதல் கேற்றில் இறங்கி, சங்கிலியைக் கழற்றி, திறந்து, யூட்டை உள்ளே எடுத்து, மறுபடி இறங்கி, சாத்தி, சங்கிலியை மாட்டினேன். கொஞ்ச தூரம் போனால் அடுத்தது. அதற்கடுத்தது கேற்றே இல்லை, முள்ளுக்கம்பியும் தடியுமாகப் பின்னிய ஒன்று. தோளால் முட்டி இழுத்தால்தான் தடியைப் பிடித்திருந்த கம்பி வளையம் கழன்றது. என் உள்ளங்கை கிழிந்தது. வாயில் வந்த தூஷணத்தையெல்லாம் சொன்னேன், கேட்க ஒரு மாடுகூட இல்லை. பிறகு ஒரு மணல் ஆறு, பிறகு கல், பிறகு இன்னொரு கேற். வெயில் உச்சிக்கு ஏறியது. இன்னும் பாதி வழி இருந்தது.

அங்கே ஒரு கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பெண் சொன்னது மனதில் இறங்கியது. ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. இந்தக் கேற்றுகள் எல்லாவற்றையும் திறந்து சாத்தி, திறந்து சாத்தி, என்னோடு கதைக்க வந்திருக்கிறார். கதைத்து முடிந்து இருட்டில் இதே கேற்றுகளைத் திறந்து சாத்தித் திரும்பிப் போயிருக்கிறார். நான் கறி அடிப்பிடிக்குது என்று வைத்த நாட்களிலும் அப்படித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. கேற்றில் தலையை வைத்து அழுதேன். பிறகு இறங்கின காரியத்தைப் பார்ப்போம் என்று கேற்றைச் சாத்தினேன்.

குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிழல் கதவடிக்கு வந்துவிட்டது, அவர் சொன்னபடியே. யூட்டில் என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"பிள்ளைக்கு என்ன?" என்றார்.

ஒன்றுமில்லை, பார்க்க வந்தேன் என்றேன். எப்படி வழி தெரிந்தது என்று கேட்டார். தாளை நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மலைக்கு மேலே மிச்சமிருந்த வெளிச்சம் குண்டூசித் துளைகளுக்குள்ளால் வந்தது. தான் பார்க்கும் கிணறுகள் எல்லாம் அதில் இருப்பதை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். நல்ல மெலிந்திருந்தார். நெற்றியெல்லாம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. ஆனால் கராஜில் இருந்த முகம் இல்லை.

குழம்பைச் சூடாக்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம். சண்டைக்கென்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வசனங்களைத் தேடினேன், ஒன்றும் மிஞ்சவில்லை.

"அங்க வீடு இருக்கு, போன் இருக்கு. ஏன் இஞ்ச வந்து இருக்கிறியள்?" என்றேன்.

"அங்க ஆக்கள் இருக்கினம்."

"அப்ப நான் ஆர்?"

"உம்மோட கதைக்கத்தானே அவ்வளவு தூரம் போறனான்" என்றார்.

வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டேன். மழை பெய்தால் வருவேன் என்றார். மழை பெய்து பள்ளங்களில் தண்ணீர் நின்றால் மாடுகளுக்குக் கிணறு தேவையில்லை, அதுவரைக்கும் விட்டுவிட்டு வர முடியாது, அவை தன்னை நம்பி இருக்கின்றன என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. எனக்கு அந்த மாடுகள் மேல் பொறாமை வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் நின்றேன். பகலில் அவரோடு கிணறுகளுக்குப் போனேன். திரும்பும்போது அவர் தன் யூட்டில் முன்னால் போய் ஒவ்வொரு கேற்றையும் திறந்து பிடித்தார், நான் கடந்ததும் சாத்தினார். என் கை கிழிந்ததை அவர் பார்த்திருந்தார். பண்ணை வீட்டில் என் காரை எடுத்துக்கொண்டேன். அவர் எல்லைக் கேற் வரைக்கும் வந்தார். திறந்தார். நான் வெளியே போனேன். அவர் உள்ளே நின்று அதைச் சாத்தினார். சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், புழுதி எழும்பி அவரை மறைத்துவிட்டது. தார் ரோட்டுக்கு வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் மாறின. மத்தியானமே சமைத்து அடுப்பை அணைத்துவிடுவேன். மேசைக்கு முன்னால் இருந்து, இப்போது வெளிக்கிட்டிருப்பார், இப்போது கம்பிக் கேற்றில் நிற்பார், இப்போது மணல் ஆற்றைத் தாண்டுவார் என்று விரலை நகர்த்துவேன். சில நாட்களில் விரல் பண்ணை வீட்டுக்கு வரும்போதே போன் அடிக்கும். அப்படி ஒரு நாள் அவரிடம், "நீங்கள் உள்ளுக்க நிண்டு கேற்றைச் சாத்தினது எனக்குப் பிடிக்கேல்லை" என்றேன். அவர் அடுத்த கிணற்றின் பெயரைச் சொன்னார். போனை வைத்துவிட்டால் வீடு பழையபடி வெறுமைதான். அவர் என்னை விட்டுப் போகவில்லை என்று தெரிந்த பிறகும் தனிமை தனிமைதான். சொல்லப்போனால் கூடிவிட்டது, கோபம் இருந்த இடமும் அதற்குத்தான் போனது.

கோடை முடியும் காலத்தில் தொலைக்காட்சி வானிலையில் அந்தப் பக்கம் முழுக்க நீலமாகக் காட்டினார்கள். அந்த ஞாயிறு போன் வரவில்லை. எனக்கு எந்த நீலக் கோடு குறுக்கே நிற்கிறது என்று தெரியும். பண்ணை வீட்டுக்கு எடுத்தேன். குடில் மேட்டில் இருக்கிறது, ரேடியோவில் கதைத்தோம், சாப்பாடு இருக்கிறது, ஆறு கடல்போலப் போகிறது என்று அந்தப் பெண் சொன்னார். அடுத்த ஞாயிறும் போன் இல்லை. கடையில் அளவு கொடுக்க வந்த ஒருவர் இப்போது போனும் நின்றுவிட்டதோ என்று பரிதாபமாகக் கேட்டார். எனக்கு எவ்வளவு பொறுமை இருந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம்.

பிறகு ஒரு வேலைநாள் மத்தியானம், வாயில் குண்டூசிகளோடு ஒரு மணப்பெண்ணின் தோளில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தெரியாத நம்பரில் இருந்து போன் அடித்தது. அவர்தான். ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே பெற்றோல் அடிக்க நிற்கிறேன் என்றார். அந்த ஊர் என் தாளில் இல்லை. ஆனால் அதன் பெயர் இருந்தது, தாளின் மேல் விளிம்பில், பாதை முடிகிற இடத்தில், இந்தப் பக்கம் போனால் இந்த ஊர் என்று சின்ன எழுத்தில். மேல் விளிம்பு என்றால் வடக்கு. மெல்பேர்ன் தெற்கில். வேலை முடிந்து இன்னொரு பண்ணைக்கு, இன்னும் தூரத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினேன்.

"வடக்க என்னத்துக்குப் போனனீங்கள்?"

"தெற்கால றோட் வெள்ளத்தில பூட்டு. சுத்தி வாறன்."

எங்கே வாறீங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. மணப்பெண் என்னையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்கியபடி நின்றாள். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கேற்றெல்லாம் சாத்தினீங்களோ?"

"ஓம்" என்றார். "கடைசிக் கேற்றையும் சாத்திப்போட்டன். இந்த முறை வெளியில நிண்டு."